ஒரு ஜாமீன் கையெழுத்தும் நியூயார்க் எம்.எஸ். படிப்பும்

சென்ற மாதம் ஒரு நண்பர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எட்டு வருஷமாக பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடையில் கூடவே வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். இப்போது நான் ஒரு பக்கமாகச் சுற்றினால் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். யார் என்று கேட்காதீர்கள். நம் ஊர் சின்ன ஊர், கேட்காமலே சிலருக்குத் தெரிந்திருக்கும்.

காரணம் ஒரு கையெழுத்து. அவருடைய மகளுக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டை வங்கியில் அடமானம் வைக்கிறார். வீட்டின் மதிப்பு கொஞ்சம் குறைவதால் கூடுதலாக ஒரு ஜாமீன் வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். "என்ன அண்ணாச்சி, நீங்க மேனேஜரா இருந்தவுக. ஒரு கையெழுத்துதானே" என்றார். நான் மாட்டேன் என்றேன். "பொம்பளப் பிள்ள படிப்பைக் கெடுக்கீகளே" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அவள் படிப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. என் ஆட்சேபணை என்ன என்பதை அன்றைக்கு நின்றுகொண்டே விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் படிப்பாரோ மாட்டாரோ, இதே நிலையில் இருக்கும் வேறு நாலு பேராவது படிக்கட்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்தேன். 2001-ல் கல்விக் கடனுக்கென்று இந்திய வங்கிகள் சங்கம் மாதிரித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் அனுமதித்த கல்விக் கடன்களுக்குக் கணக்கே இல்லை. அப்போதைய விதி இதுதான்: 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம். அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை மூன்றாம் மனிதர் ஜாமீன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வீடு, நிலம், வைப்புத்தொகை என்று ஏதாவது ஈடு.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நாலு லட்சம் கேட்டு வருகிற ஏழை வீட்டுப் பையனிடம் ஆயிரம் கேள்வி கேட்போம். என்ன கல்லூரி, என்ன மதிப்பெண், வேலை கிடைக்குமா, எப்படிக் கட்டுவாய்? நாற்பது லட்சம் கேட்டு வீட்டுப் பத்திரத்தோடு வருகிற தகப்பனாரை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுப்போம். வில்லங்கச் சான்றிதழ் பார்ப்போம், மூலப்பத்திரம் பார்ப்போம், வக்கீலிடம் கருத்துக் கேட்போம். பையன் என்ன படிக்கப் போகிறான், அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். வீடு இருக்கிறது, வங்கிக்கு நஷ்டமில்லை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது எங்கள் படிவத்தில் இல்லாத கேள்வி.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2017-ல், என் தங்கை மகனுக்கு நியூயார்க்கில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் எல்லோரும் "ஓ" என்பார்கள், அந்த "ஓ"தான் இங்கே பிரச்சினையே. தங்கை வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்தி நகர் வீட்டை அடமானம் வைத்து 42 லட்சம் கடன், சேமநிதிப் பணத்திலிருந்து இன்னும் 12 லட்சம். கடனுக்கு அலைந்து ஏற்பாடு செய்தது அடியேன். அன்றைக்கு டாலர் ஏறத்தாழ 65 ரூபாய். தாய்மாமன் என்ற முறையில் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டதும் நான்தான்.

2019 மே மாதம் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் தங்கையும் போனோம். பையன் நியூயார்க்கில் படிக்கிறான் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூஜெர்சி மாநிலத்தில், ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயர் பகுதியில். இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பையன்கள். ஹாலில் குறுக்கே திரை கட்டி அதற்குப் பின்னால் ஒருவன். அந்த ஒருவன் நம் பையன். தரையில் மெத்தை, சுவரோரமாக அட்டைப் பெட்டிகள், ஜன்னலோரத்தில் ஊரிலிருந்து நாங்கள் அனுப்பிய பருப்புப் பொடி டப்பா. தங்கை அந்தத் திரையைக் கையால் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் திரைச்சீலைக்காக இதைச் சொல்லவில்லை. படிக்கிற வயதில் தரையில் படுப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. நம்மில் பலர் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதிகளில் அதைவிட மோசமாக இருந்தவர்கள்தான். கேட்க வேண்டியது, 54 லட்சத்துக்கு என்ன படிப்புக் கிடைத்தது என்பதை. நானும் அவனும் ஜர்னல் ஸ்கொயரிலிருந்து பாத் ரயிலில் ஊரைச் சுற்றியபோது கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வகுப்பில் தொண்ணூறு பேர். அதில் பெரும்பாலோர் இந்தியர்களும் சீனர்களும். பாதிப் பாடங்களை எடுத்தவர்கள் முழுநேரப் பேராசிரியர்கள் இல்லை. பகலில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து பாடம் நடத்திவிட்டுப் போகும் பகுதிநேரக்காரர்கள். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று மூன்று பேராசிரியர்களுக்கு எழுதினான். இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர், எம்.எஸ். மாணவர்களுக்குத் தருவதற்கு என்னிடம் நிதி இல்லை, பிஎச்.டி. மாணவர்களுக்குத்தான் என்று மரியாதையாக எழுதினார். ஆய்வேடு எழுதலாமா என்று கேட்டதற்கு, வழிகாட்ட ஆள் இருந்தால் எழுதலாம் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. பத்துப் பாடம் எழுதினான், பட்டம் வாங்கினான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பேராசிரியர் நடத்திய ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தைப் பற்றி இன்றைக்கும் கண் மின்னப் பேசுகிறான். ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் நூலகத்தைப் பற்றியும் சொல்வான். ஆக, ஒரு நல்ல வாத்தியாரும் ஒரு நல்ல நூலகமும் கிடைத்தது உண்மை.

வாரத்தில் 20 மணி நேரம் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கினான். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது அதற்கு மேல் வேலை பார்க்கச் சட்டம் இடம் தராது, அதுவும் வளாகத்துக்குள்ளேதான். மணிக்கு 13 டாலர், கடைசி ஆறு மாதம் 15. வாடகைப் பங்கு, சாப்பாடு, ரயிலுக்கு ஒரு தடவைக்கு 2.75 டாலர் என்று அத்தனையும் போய்விடும். சாந்தி நகர் வீட்டின் மேல் இருந்த கடனுக்கு இங்கே வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் படித்து முடிப்பதற்குள் அசலோடு ஏறத்தாழ ஏழு லட்சம் வட்டி சேர்ந்திருந்தது.

இப்போது என் வாதத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மேற்படிப்புக்குப் போகும் வாசல் ஒன்றுதான், ஆனால் வரிசை இரண்டு. ஒன்று பிஎச்.டி. வரிசை. நல்ல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அவர் வகுப்பெடுக்கிறார், ஆராய்ச்சி செய்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். இரண்டாவது, கட்டணம் கட்டிப் படிக்கும் எம்.எஸ்., எம்.ஏ. வரிசை. இங்கே மாணவர் பணம் கட்டுகிறார், பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்கிறது. முதல் வரிசையில் இருப்பவர் வேலைக்காரர், இரண்டாவது வரிசையில் இருப்பவர் வாடிக்கையாளர்.

வாடிக்கையாளராக இருப்பதில் தப்பில்லை. ஆனால் கடைக்குப் போகிறவர் விலை கேட்பார், சரக்கைத் தொட்டுப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். நாம் மட்டும் கோயிலுக்குப் போவதுபோலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். அனுமதிக் கடிதம் வந்தால் பிரசாதம் வந்த மாதிரி தெரு முழுக்க லட்டுக் கொடுக்கிறோம். நான் கொடுத்திருக்கிறேன்.

நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்கர்களே இதைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். 2021 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்படத் துறையில் முதுகலை முடித்தவர்களின் கணக்கை வெளியிட்டது. அரசுக் கடன் வாங்கிப் படித்தவர்களின் நடு அளவுக் கடன் 1,81,000 டாலர். படித்து முடித்து இரண்டு வருஷம் கழித்து அவர்களில் பாதிப் பேருடைய ஆண்டு வருமானம் 30,000 டாலருக்கும் கீழே. இது ஏதோ பெயர் தெரியாத டுடோரியல் காலேஜ் இல்லை. 1754-ல் தொடங்கிய பல்கலைக்கழகம்.

அங்கே மேற்படிப்பு மாணவர்களுக்கு, பல்கலைக்கழகம் சொல்லும் முழுச் செலவுக்கும் அரசே கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று 2006 முதல் நடந்தது. கடன் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்றால் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும் என்று பலர் வாதிட்டார்கள். கடைசியில் 2025-ல் சட்டம் போட்டு, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்தத் திட்டம் கிடையாது என்று முடித்துவிட்டார்கள். தன் நாட்டுப் பிள்ளைகளுக்கே வரம்பில்லாமல் கடன் கொடுப்பது சரியில்லை என்று அந்த அரசாங்கம் முடிவு செய்கிறது. நாமோ மகாராஜ நகரிலும் சாந்தி நகரிலும் இருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்கிறோம்.

"அண்ணாச்சி, ரேங்க்கைப் பாருங்க" என்பார்கள். பார்த்தேன். அதே கொலம்பியா 2021-ல் வெளியான அமெரிக்கப் பல்கலைக்கழக வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், பல்கலைக்கழகம் கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று 2022 பிப்ரவரியில் எழுதினார். வகுப்பில் எத்தனை பேர், முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்கிற கணக்குகள்தான். பல்கலைக்கழகமும் சில எண்கள் தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டது. அந்த செப்டம்பரில் வந்த வரிசையில் அது 18-ஆம் இடம். அது இளங்கலைக்கான வரிசை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே வருஷத்தில் கட்டடமும் மாறவில்லை, வாத்தியாரும் மாறவில்லை, பதினாறு இடம் இறங்க முடிகிறது. அந்த எண்ணை நம்பித்தான் நாம் பத்திரத்தை எடுக்கிறோம்.

இன்னொரு வாதம், "அம்பேத்கரே நியூயார்க்கில படிச்சவருதானே?" படித்தவர்தான், கொலம்பியாவிலேயே. ஆனால் 1913-ல் அவர் கப்பலேறியபோது பரோடா மகாராஜா சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று வருஷத்துக்கு உதவித்தொகை கொடுத்தார். அம்பேத்கர் வீட்டில் யாரும் அடமானம் வைக்கவில்லை. அறிவுக்கு ஆதரவு கொடுக்க ஒருவர் முன்வந்தார், அவர் போனார். உன் மகளுக்கும் பல்கலைக்கழகம் அப்படிப் பணம் கொடுத்துக் கூப்பிட்டால் நானே திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வந்து வழியனுப்புகிறேன்.

பணம் இல்லாமலா அவர்கள் கட்டணம் கேட்கிறார்கள்? நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-ல் தன் மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு 2024-ல் ஒரு மூதாட்டி நூறு கோடி டாலர் கொடுத்தார், அங்கேயும் கட்டணம் போயிற்று. கல்விக்குப் பயன்படும் கட்டடங்களுக்கு இந்தத் தனியார் பல்கலைக்கழகங்கள் நகரத்துக்குச் சொத்து வரி கட்டுவதில்லை, தர்ம ஸ்தாபனம் என்ற கணக்கு. கணினி எம்.எஸ்.ஸுக்கோ ஒரு கிரெடிட்டுக்கு இன்றைக்கு 2,000 டாலருக்கு மேல். முப்பது கிரெடிட் படிக்க வேண்டும். வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் தனி. தர்மம் ஒரு கவுண்டரில், வியாபாரம் இன்னொரு கவுண்டரில். நம் பிள்ளைகள் நிற்பது எந்தக் கவுண்டர் என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதே நகரத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1847-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிட்டி காலேஜ் என்ற நகரக் கல்லூரி, 1976 வரை ஏறத்தாழ நூற்று முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அங்கே படித்தவர். நம் காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை போலியோவால் கால் சூம்பிப்போய் இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கின் பெருமை என்று எனக்குத் தோன்றுவது அந்தக் கல்லூரிதான். அது இன்றும் இருக்கிறது. வெளிநாட்டவர் கட்டணம் கட்டத்தான் வேண்டும், ஆனால் தனியார் பல்கலைக்கழகங்களைவிட மிகக் குறைவு. நம் ஊர்க் கன்சல்டன்சிகளின் பளபளப்பான புத்தகத்தில் அதன் பெயரை நான் பார்த்ததில்லை.

பிஎச்.டி. வரிசையில் நிற்பவர்கள் மட்டும் சொர்க்கத்திலா இருக்கிறார்கள் என்றால், அதுவும் இல்லை. கொலம்பியாவில் வகுப்பெடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேர் 2021 நவம்பர் 3 முதல் 2022 ஜனவரி வரை பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். உதவித்தொகை அந்த ஊர் வாடகைக்கே காணவில்லை என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. சம்பளம் வாங்குகிறவர்களே வீதிக்கு வரவேண்டியிருக்கிற ஊர் அது. வங்கியில் 34 வருஷமும் சங்கத்தில் இருந்தவன் நான், அவர்களைப் பற்றிப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். கட்டணம் கட்டும் எம்.எஸ். மாணவருக்கு அந்த வசதியும் இல்லை. வாடிக்கையாளர் எப்படி வேலைநிறுத்தம் செய்வார்?

இனிப் படித்து முடித்த பிறகு நடப்பது. பட்டம் வாங்கியதும் வேலை பார்க்க ஒரு வருஷ அனுமதி, அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருஷம். முதல் வருஷத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. நம் பையனுக்கு 76-ஆவது நாள் வேலை கிடைத்தது. அந்த 76 நாளும் தங்கை வீட்டில் ஒரு காலண்டர் தொங்கியது, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தாள். வேலைச் சந்தையில் கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி, "விசா நாங்கள் எடுத்துத் தரவேண்டுமா?" என்பதுதானாம். ஆமாம் என்றால் விண்ணப்பம் வேறு அடுக்குக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு எச்-1பி குலுக்கல். வருஷத்துக்கு 85,000 இடம். 2023 மார்ச்சில் வந்த பதிவுகள் ஏழரை லட்சத்துக்கும் மேல். நம் பையன் 2020, 2021, 2022 என்று மூன்று முறை போட்டான், மூன்று முறையும் விழவில்லை. 2022 ஆகஸ்டில் இரண்டு பெட்டியோடு திரும்பினான். அங்கே இருந்த காலத்தில் மாதம் 66,000 ரூபாய் தவணை, முடிந்தபோதெல்லாம் கூடுதலாகவும் கட்டினான். அப்படியும் திரும்பும்போது 27 லட்சம் பாக்கி. சென்னையில் வேலை கிடைத்தது, கைக்கு வருவது 90,000. தங்கை வீட்டுக்காரர் கே.டி.சி. நகரில் மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மனையை விற்று 18 லட்சம் கட்டினார். மீதி ஒன்பது லட்சத்தைப் பையன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான். சாந்தி நகர் வீடு தப்பியது. மனை விற்ற அன்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். கடன் வாங்கும்போதும் என் கையெழுத்து, மனை போகும்போதும் என் கையெழுத்து.

இன்னொரு ஜாமீன் கையெழுத்துக்கு என் கை வராததற்குக் காரணம் இதுதான்.

"எல்லாருக்குமா அப்படி ஆகுது?" என்பீர்கள். இல்லைதான். என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகள் முதல் குலுக்கலிலேயே தேர்வாகி இப்போது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்திருக்கிறாள். ஊரே அவளைப் பற்றிப் பேசுகிறது. என் மருமகனைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவனும் கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. ஜெயித்தவர்கள் போட்டோ அனுப்புகிறார்கள், மற்றவர்கள் தவணை கட்டுகிறார்கள். 2023-24-ல் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அதில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மேற்படிப்புக்காரர்கள். இருக்கும் இடத்தையும் போட்டி போடும் நாடுகளையும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

விதிகளும் நிலையாக நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அங்கேயே படித்துவிட்டு விசா மாற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும்? பத்து வருஷக் கடனை, ஒரு நாள் சாயங்காலம் மாறிவிடக் கூடிய விதியின் மேல் வைக்கிறோம்.

அப்படியானால் போகவே கூடாதா? பணம் உள்ளவர் தாராளமாகப் போகலாம். உதவித்தொகை கிடைத்தவர் கட்டாயம் போக வேண்டும். வீட்டை வைத்துப் போகிறவர் பணம் கட்டுவதற்கு முன்னால் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வருஷத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பாடம் எடுக்கிறார்கள்? எம்.எஸ். மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவியாளர் வேலை கிடைக்கிறது? விசா தேவைப்படும் மாணவர்களில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது? மின்னஞ்சலில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மழுப்பலாகப் பதில் வந்தால் அதுவே ஒரு பதில்.

கணக்குப் போடும்போது தவணையை நியூயார்க் சம்பளத்தில் போடாதீர்கள். சென்னைச் சம்பளத்தில் போடுங்கள். அதிலும் கட்ட முடிகிறது என்றால் போகட்டும். பக்கத்திலேயே, கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் நமக்குத் தருகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் இன்னமும் கல்விக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். ஒரு தாளில் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் நம்முடையது. இந்த ஊரில் படிப்புக்குச் சொத்தை விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் தகப்பனாரும் ஒன்றரை ஏக்கர் வயலை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஆனால் அவர் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தார், வகுப்பு நடக்கும்போது வெளியே நின்று கேட்டார், விடுதிச் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நாம் பட்டதாரிகள், ஒரு கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. தம்பி, ஜாமீன் கையெழுத்து நான் போட மாட்டேன். அதில் மாற்றமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாரும். அனுமதிக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் எடுத்து வாரும். என் தங்கை மகனையும் சென்னையிலிருந்து போனில் பேசச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு இதில் சம்மதம். நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். கணக்கைப் பார்த்த பிறகும் அவள் போகத்தான் வேண்டும் என்றால், அது அவள் தெரிந்து எடுத்த முடிவு. அப்போது நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். காலையில் மைதானத்தில் எப்போதும்போல ஒரே பக்கமாகச் சுற்றுவோம்.